நீருக்கடியில் ஊர், நீதிமன்றத்தில் சாட்சி

குவாத்தமாலாவின் பாஹா வெராபாஸ் மாநிலத்தில், சிஷோய் ஆறு மலைகளுக்கு நடுவே வளைந்து செல்லும் ஓரிடத்தில் ரியோ நீக்ரோ என்ற ஊர் இருந்தது. மாயா மக்களில் ஒரு பிரிவினரான அச்சிகள் சுமார் 800 பேர் அங்கே வாழ்ந்தார்கள். ஆற்றோர வண்டலில் மக்காச்சோளமும் பீன்சும் விளைந்தன. ஆற்றில் மீன் இருந்தது. ஓலையில் பாய் முடைந்து, மலைப் பாதையில் மணிக்கணக்காக நடந்து, ஷோகோக் ஊர்ச் சந்தையில் விற்றுவிட்டு வேண்டியதை வாங்கி வந்தார்கள். ஷோகோக்காரர்களும் அச்சிகளே. இரண்டு ஊருக்கும் ஒரே மொழி, ஒரே திருவிழாக்கள்.

இன்று அந்த வளைவுக்குப் படகில் போகலாம். ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. வீடுகளும் வயல்களும் பழைய கல்லறைகளும் அதனடியில் கிடக்கின்றன. ஸ்பானியர் வருவதற்கு முன்பே அச்சிகளின் முன்னோர் எழுப்பிய காவினால் நகரத்தின் இடிபாடுகளும் அங்கேதான். நீர்மட்டம் இறங்கும் மாதங்களில் காவினாலின் கற்கள் கொஞ்சம் வெளியே தெரியும். ஊர் தெரியாது.

இந்த ஊரிலிருந்து 1982இல் ஓடிப்போன ஒரு சிறுமி 2000இல் திரும்பி வந்தாள். போகும்போது ஒன்பது வயது. பெயர் தொமிங்கா சிக் ரூயிஸ். வந்தபோது அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக் குடும்பத்தலைவி, இரண்டு பிள்ளைகளின் தாய். பெயர் டெனீஸ் பெக்கர். அனாதை விடுதியிலிருந்து அவளை அயோவாவின் பாப்டிஸ்ட் போதகர் குடும்பம் ஒன்று தத்தெடுத்தபோது அவளுக்குப் பதினோரு வயது. பள்ளித் தோழர்களிடம் தன் கதையைச் சொன்னபோது அவர்கள் நம்பவில்லை; காலப்போக்கில் அவளும் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். பேசாத மொழி தங்குவதில்லை. அந்த வட்டாரத்து ராபினால் நகரில் உறவினர்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதபோது, அவர்கள் சொன்னது அவளுக்குப் புரிய ஆள் வைத்து மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. பெட்ரிஷியா ஃபிளின் இயக்கி 2002இல் வெளியான ‘டிஸ்கவரிங் தொமிங்கா’ என்ற ஆவணப்படம் அந்தத் திரும்புதலைப் பதிவு செய்திருக்கிறது.

வேர் தேடிப் போகும் பிள்ளைகளைப் பற்றிய படங்கள் நிறைய உண்டு. பெரும்பாலும் அவை பாட்டியின் வீட்டு வாசலில் முடிந்துவிடும். தொமிங்காவுக்குத் திரும்பிப் போக வாசல் இல்லை. அவர் போய்ச் சேர்ந்த இடங்கள் வேறு: ஒரு புதைகுழி, அதன்பின் அரசு வழக்கறிஞரின் அலுவலகம்.

ரியோ நீக்ரோ அழிந்ததற்கு உள்நாட்டுப் போர் காரணம் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லப்பட்டது. முழு உண்மை அந்த ஒரு வரிக்குள் அடங்காது. 1970களின் நடுவில் குவாத்தமாலாவின் தேசிய மின்மயமாக்கல் நிறுவனமான ‘இண்டே’ சிஷோய் ஆற்றின் குறுக்கே 300 மெகாவாட் நீர்மின் திட்டம் ஒன்றை வகுத்தது. அமெரிக்க நாடுகளுக்கிடையிலான வளர்ச்சி வங்கியும் உலக வங்கியும் கடன் கொடுத்தன. எண்ணெய் விலை ஏறியிருந்த காலம். நாட்டுக்குச் சொந்த மின்சாரம் வேண்டும் என்ற வாதத்தில் பிழையில்லை. ஆனால் நீர் தேங்கப்போகும் பள்ளத்தாக்கில் இருந்த மக்களிடம் முன்கூட்டி யாரும் கேட்கவில்லை. கட்டுமானம் தொடங்கிய பிறகுதான் அவர்கள் எங்கே போவார்கள் என்ற பேச்சே வந்தது.

ரியோ நீக்ரோக்காரர்கள் போக மறுத்தார்கள். மாற்றிடமாகக் காட்டப்பட்ட நிலத்தைப் போய்ப் பார்த்தார்கள். வறண்ட நிலம், ஆறு இல்லை. பேச்சுவார்த்தையில் ஒப்புக்கொள்ளப்பட்டவற்றை ஊர்க் குறிப்பேட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி வைத்திருந்தார்கள். 1980 மார்ச்சில் ஊரின் தேவாலயத்தில் ஏழு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில், குறிப்பேடுகளை எடுத்துக்கொண்டு அணைக்கட்டுப் பகுதிக்குப் பேசப் போன ஊர்த் தலைவர்கள் இருவர் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டார்கள். குறிப்பேடுகள் கிடைக்கவே இல்லை. ஊருக்கு என்ன வாக்குறுதி தரப்பட்டது என்பதற்கு எழுத்துச் சான்று அன்றோடு போயிற்று. அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்த வழக்காடலில் பெரும்பகுதி, அந்தத் தொலைந்த தாள்களில் இருந்ததை வேறு வழிகளில் நிரூபிக்கும் முயற்சி என்றே எனக்குத் தோன்றுகிறது.

1982 பிப்ரவரியில், அரசை எதிர்த்துப் போரிட்ட கெரில்லாக்கள் ஷோகோக் சந்தையை எரித்தார்கள். ராணுவம் அதற்குப் பழியை ரியோ நீக்ரோ மீது போட்டது. ஷோகோக் ஆண்களை ரோந்துப் படையாகத் திரட்டி ஆயுதம் கொடுத்தது. பாய் விற்கப் போன சந்தை ஊர் சில நாட்களில் எதிரி ஊராகிவிட்டது. பிடுங்கிக்கொண்ட அடையாள அட்டைகளைத் திரும்ப வாங்க வரச் சொல்லி அழைக்கப்பட்ட சுமார் 70 பேர், பிப்ரவரி 13 அன்று ஷோகோக்கிலேயே கொல்லப்பட்டார்கள். தொமிங்காவின் தந்தை அவர்களில் ஒருவர். தப்பி வந்த ஒரு பெண் செய்தி சொன்னாள். மிஞ்சிய ஆண்கள் மலைக்குள் ஒளிந்தார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று நினைத்தார்கள்.

மார்ச் 13 காலை ராணுவத்தினரும் ஷோகோக் ரோந்துப் படையினரும் ஊருக்குள் வந்தார்கள். ஆண்கள் எங்கே என்று கேட்டார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் மலைமேல் சுமார் மூன்று கிலோமீட்டர் நடத்திக்கொண்டு போனார்கள். வழியில் அவர்களை ஆடச் சொன்னார்கள். பாகோஷோம் என்ற மேட்டில் 70 பெண்களும் 107 குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள். துப்பாக்கி அதிகம் பயன்படவில்லை. கயிறும் கத்தியும் கல்லும் போதுமாக இருந்தன. ஐ.நா. ஆதரவுடன் அமைந்த வரலாற்றுத் தெளிவு ஆணையம் பின்னர் எழுதிவைத்த எண்ணிக்கை இது. தொமிங்காவின் தாய், கைக்குழந்தையை மகளின் முதுகில் கட்டி, ஓடு என்று அனுப்பியிருந்தாள். மலையில் அலைந்த நாட்களில் அந்தக் குழந்தையும் இறந்துபோயிற்று.

கொலைகள் அதோடு நிற்கவில்லை. மே 14 அன்று லோஸ் என்குவென்த்ரோஸில் குறைந்தது 79 பேர். செப்டம்பர் 14 அன்று, தப்பியவர்களுக்கு இடம் கொடுத்த அகுவா ஃப்ரியா ஊரில் 92 பேர். ஓராண்டுக்குள் ரியோ நீக்ரோவில் பாதிக்கு மேற்பட்டோர் இல்லை. 1983இல் அணை நீர் நிரம்பியது. தடுத்துப் பேச ஊரில் ஆளில்லை.

தேதிகளை அடுக்கிப் பார்த்தால் ஒன்று விளங்கும். பாகோஷோம் கொலை நடந்து பத்தாம் நாள் தலைநகரில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தது. லூகாஸ் கார்சியா போய் ரியோஸ் மோன்ட் வந்தார். ஆட்சி மாறியது, மே மாதமும் செப்டம்பரும் மார்ச் போலவே கழிந்தன. அணையின் கால அட்டவணையும் மாறவில்லை. இதை வெறும் தற்செயல் என்று கொள்ள என்னால் முடியவில்லை.

அன்று சாட்சி என்றால் சாவு. 1983இல் பொதுமன்னிப்பை நம்பி மலையிலிருந்து இறங்கியவர்கள் பாக்குஷ் என்ற குடியிருப்பில் வைக்கப்பட்டார்கள். ராபினால் நகரின் விளிம்பில், நேர்கோட்டில் சிறு வீடுகள். பக்கத்திலேயே ராணுவ முகாம். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் சிப்பாய்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மார்ச் 13 அன்று ஷோகோக்காரர்கள் தங்கள் வீடுகளுக்கு வேலைக்கென்று இழுத்துப்போன 17 அல்லது 18 பிள்ளைகள் அந்த வீடுகளிலேயே வளர்ந்தார்கள். பெற்றோரைக் கொன்றவர்களுக்கு விறகு சுமந்தார்கள், ஆடு மேய்த்தார்கள்.

அந்தப் பிள்ளைகளில் ஒருவர் ஹெசூஸ் தெகு ஒசோரியோ. அன்று அவருக்குப் பத்து வயதுக்குச் சற்று மேல்; இரண்டு வயதுத் தம்பியைக் கையில் வைத்திருந்தார். அவரைத் தெரிந்தெடுத்த ரோந்துக்காரர், என் மனைவிக்குக் குழந்தை பார்க்க முடியாது என்று அந்தத் தம்பியைப் பிடுங்கிக் கொன்றார். அதே மனிதரின் வீட்டில் ஹெசூஸ் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தார். உயிரோடு மிஞ்சிய அக்கா ஒருத்தி முயன்று அவரை மீட்டாள். வளர்ந்ததும் ராபினாலில் முதலில் புகார் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். மிரட்டல்கள் வந்தன, அவர் நிறுத்தவில்லை.

1993இல் தடயவியல் மானுடவியலாளர்கள் பாகோஷோமில் குழி தோண்டினார்கள். 143 பேரின் எலும்புகள் கிடைத்தன, பெரும்பாலானவை குழந்தைகளுடையவை. ஊர் சொன்னதற்கு மண் கொடுத்த முதல் சான்று அது. மறு ஆண்டு ராபினால் இடுகாட்டில் அவை முறைப்படி அடக்கம் செய்யப்பட்டன. நினைவுச்சின்னம் வைத்தார்கள், யாரோ உடைத்தார்கள். அதைவிடப் பெரியதாக இன்னொன்று கட்டினார்கள். இன்றும் நிற்பது அதுதான்.

1998 நவம்பரில் மூன்று முன்னாள் ரோந்துப் படையினருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் 50 ஆண்டுச் சிறையாயிற்று. தெகு ஒசோரியோவின் தம்பியைக் கொன்றவரும் அந்த மூவரில் ஒருவர். 2008 மே மாதம் மேலும் ஐந்து பேருக்கு, அடையாளம் காணப்பட்ட 26 பேரைக் கொன்றதற்காக, ஆளுக்கு 780 ஆண்டுகள். 780 ஆண்டுகள் என்பது கேட்பவரைத் திகைக்க வைக்கும் எண். கொல்லப்பட்ட ஒவ்வொருவருக்கும் 30 ஆண்டு வீதம் போட்ட கணக்கு அது. கொல்லப்பட்டவர்களை ஒவ்வொருவராக எண்ணும் வழக்கம் அந்த நாட்டின் நீதிமன்றங்களுக்கு அதற்கு முன் அதிகம் இருந்ததில்லை. அந்த வகையில் இந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் யார் அந்த எட்டுப் பேர்? எல்லோரும் ஷோகோக்கின் விவசாயிகள், அச்சிகள். அவர்கள் செய்தது கொலை, தண்டனை தகும். அவர்களுக்கு ஆயுதம் கொடுத்த அதிகாரிகள், பட்டியல் கொடுத்தவர்கள், பள்ளத்தாக்கு காலியாக வேண்டும் என்று தேதி வைத்திருந்தவர்கள் அந்தக் கூண்டில் இல்லை. சந்தையில் பாய் வாங்கியவன் சிறைக்குப் போனான். ஆணையிட்டவனுக்கு ஓய்வூதியம் போனது.

தொமிங்கா வந்தது இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையில். 1996 டிசம்பர் 29 அன்று அமைதி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. 1999இல் வரலாற்றுத் தெளிவு ஆணையத்தின் அறிக்கை வெளிவந்திருந்தது: கொல்லப்பட்டோரும் காணாமற்போனோரும் இரண்டு லட்சத்துக்கு மேல், அடையாளம் தெரிந்தவர்களில் 83 விழுக்காடு மாயாக்கள், மீறல்களில் 93 விழுக்காட்டுக்கு அரசும் அதன் துணைப் படைகளும் பொறுப்பு, ராபினால் உள்ளிட்ட நான்கு பகுதிகளில் நடந்தது இனப்படுகொலை. அச்சில் இதெல்லாம் வந்த பிறகுதான், அயோவாவில் இருபதாண்டுக்கு அருகே வாய் மூடியிருந்த ஒருத்திக்கு, தான் கண்டது கனவில்லை என்று உறுதியாயிற்று. ஷோகோக்கில் குழி தோண்டப்பட்டபோது தந்தையின் எலும்புகளுக்காகக் காத்திருந்தார். அவரை அடக்கம் செய்தார். ராணுவத் தலைமைக்கு எதிரான இனப்படுகொலை வழக்கில் சாட்சியம் கொடுத்தார்.

அவர் போன்றவர்களின் வாக்குமூலங்களைத் திரட்டி, 2000, 2001 ஆண்டுகளில் நீதிக்கும் நல்லிணக்கத்துக்குமான சங்கம் என்ற உயிர்தப்பியோர் அமைப்பு லூகாஸ் கார்சியா மீதும் ரியோஸ் மோன்ட் மீதும் புகார் கொடுத்தது. 2013 மே 10 அன்று ரியோஸ் மோன்ட்டுக்கு இனப்படுகொலைக்கும் மனித குலத்துக்கு எதிரான குற்றங்களுக்கும் சேர்த்து 80 ஆண்டுச் சிறை என்று தீர்ப்பு வந்தது. அது இஷில் மாயாக்களின் வழக்கு; ராபினாலிலும் அந்த நாளைக் கொண்டாடினார்கள். பத்தே நாளில் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பைச் செல்லாததாக்கியது. மறு விசாரணை முடியாமலே 2018இல் அவர் இறந்தார்.

நாட்டுக்கு வெளியிலும் கதவைத் தட்டினார்கள். 2012 செப்டம்பர் 4 அன்று அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை நீதிமன்றம் ரியோ நீக்ரோ வழக்கில் குவாத்தமாலா அரசைக் குற்றவாளியாகக் கண்டது. இங்கே ஒரு சட்ட நுணுக்கம் உண்டு. குவாத்தமாலா அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்றது 1987இல். கொலைகள் 1980லும் 1982லும். எனவே கொலைகளைப் பற்றியே அந்த நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. காணாமற்போனவர்களைத் தேடாதது, விசாரிக்காதது, பிள்ளைகளை அடிமை வேலை வாங்கியது, மக்கள் தங்கள் சடங்குகளையும் புனித இடங்களையும் இழந்தது ஆகியவற்றைப் பற்றியே பேச முடிந்தது. கொலைக்குப் பின்னால் வந்தவற்றைக் கொண்டே கொலையை அளக்க வேண்டியிருந்தது.

மறைந்தவர்களில் சிலர் எதிர்பாராத இடத்தில் கிடைத்தார்கள். கோபான் நகரின் பழைய ராணுவத் தளத்தில் 2012இல் தொடங்கிய அகழ்வில் 550க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. லோஸ் என்குவென்த்ரோஸிலிருந்து ஹெலிகாப்டரில் கொண்டுபோகப்பட்ட பெண்களைப் பற்றி முப்பது ஆண்டுகளாக ஊர் சொல்லிவந்தது; மரபணுச் சோதனை அதை உறுதிசெய்யத் தொடங்கியது. அந்தத் தளத்தில் அப்போது ஐ.நா. அமைதிப் படைக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது.

இழப்பீட்டின் கதை தனி. 1970களில் மக்கள் கேட்டது நல்ல நிலம், வீடு, எழுதிக் கொடுத்த வாக்கு. கிடைத்தது பாக்குஷ். 1991இல் உலக வங்கி அணையைப் பற்றி எழுதிய முடிவறிக்கை, குடியமர்த்தல் தாமதமானதற்குப் பகுதியில் நடந்த கிளர்ச்சியைக் காரணம் காட்டியது. குடியமர்த்தப்பட வேண்டியவர்களில் பாதிப் பேர் கொல்லப்பட்டிருந்தார்கள். 2005இல் மானுடவியலாளர் பார்பரா ரோஸ் ஜான்ஸ்டன் ஐந்து தொகுதிகளில் ஆவணங்களையும் சாட்சியங்களையும் திரட்டினார். 33 ஊர்கள் ஒன்றுசேர்ந்து அரசோடு பேசின. 2010இல் 15 கோடியே 45 லட்சம் டாலர் இழப்பீட்டுத் திட்டம் தயாராயிற்று. அரசு கையெழுத்திடாமல் இழுத்தடித்தது.

அந்தக் கையெழுத்தை வரவைத்தது அமெரிக்க நாடாளுமன்றம். 2014 ஜனவரியில் அது நிறைவேற்றிய நிதிச் சட்டத்தில், சிஷோய் இழப்பீட்டைக் குவாத்தமாலா நிறைவேற்ற வளர்ச்சி வங்கிகள் வழியே நெருக்கடி தரும் பிரிவு ஒன்று இருந்தது. அணைக்குப் பணம் வந்த அதே வழியில் அழுத்தமும் வந்தது என்பதைக் கவனிக்கலாம். நவம்பரில் அதிபர் ஓத்தோ பெரஸ் மொலினா 378-2014 என்ற அரசாணையில் கையெழுத்திட்டு, பாதிக்கப்பட்ட மக்களிடம் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அவர் முன்னாள் தளபதி. போர்க் காலத்தில் இஷில் பகுதியில் பணியாற்றியவர். இனப்படுகொலை நடக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவந்தவர். 15 ஆண்டுகளில் தருவதாகப் பணம் ஒப்புக்கொள்ளப்பட்டது. 1982இல் கைக்குழந்தையோடு தப்பிய தாய்க்கு அந்தக் கடைசித் தவணை வரும்போது வயது எழுபதோ எண்பதோ ஆகியிருக்கும். ஓராண்டுக்குள் ஊழல் வழக்கில் பதவி விலகி அதிபரே சிறைக்குப் போனார். அரசாணை நின்றது. 1980இல் ஊரின் தாள்கள் தொலைந்தன. 2014இல் அரசின் தாள் ஒன்று ஊர் கைக்கு வந்தது.

ரியோ நீக்ரோ இன்று முழுதும் வெறிச்சோடிக் கிடக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் சில குடும்பங்கள் பாக்குஷ் வாழ்க்கை பிடிக்காமல் நீர்த்தேக்கத்துக்கு மேலே, மலைச் சரிவில் வந்து குடியேறின. மக்காச்சோளம் சரிவில் சுமாராகத்தான் விளையும். வண்டல் கீழே போய்விட்டது. மீன் உண்டு, ஆனால் ஆற்றுமீன் வேறு, தேங்கிய நீரின் மீன் வேறு. தங்கள் நிலத்தை மூழ்கடித்த அணையின் மின்சாரம் நாட்டின் நகரங்களுக்குப் போய்க்கொண்டிருக்க, அந்தக் குடும்பங்கள் நெடுங்காலம் விளக்கு வெளிச்சத்தில் இருந்தன. ஊரார் அங்கே ரீஹ் இபோய் என்ற வரலாற்றுக் கல்வி மையத்தைக் கட்டியிருக்கிறார்கள். மாணவர்களும் வெளிநாட்டவரும் வந்து தங்கி, கதை கேட்டு, மேலே பாகோஷோம் வரை ஏறுகிறார்கள். ஆண்டுதோறும் மார்ச் நடுவில் உறவினர்கள் அதே மூன்று கிலோமீட்டரை ஏறி, இரவெல்லாம் விழித்திருந்து, மெழுகுவத்தியும் பூவும் வைத்துத் திரும்புகிறார்கள். அன்று அவர்களுக்குப் பின்னால் துப்பாக்கி வந்தது. இன்று உடன் நடப்பவர்கள் பேரப்பிள்ளைகள்.

ராபினாலில் தெகு ஒசோரியோ ‘புதிய நம்பிக்கை’ என்ற அறக்கட்டளையை நிறுவினார். 1996இல் கிடைத்த ரீபோக் மனித உரிமை விருது அதற்குக் கைகொடுத்தது. அதன் பள்ளியில் பிள்ளைகள் அச்சியிலும் ஸ்பானியத்திலும் படிக்கிறார்கள். ஒரு காலத்தில் அச்சி பேசினால் கெரில்லா என்று சந்தேகப்பட்ட ஊர் அது. மக்களுக்கான சட்ட அலுவலகம் ஒன்றும் அங்கே இயங்குகிறது. அதன் வேலை 2022இல் நாடு முழுக்கத் தெரிந்தது.

அதைச் சற்று நின்று சொல்ல வேண்டும். 1981 முதல் 1985 வரை ரோந்துப் படையினரும் சிப்பாய்களும் தங்களை வன்புணர்ந்ததாக 36 அச்சிப் பெண்கள் புகார் கொடுத்தார்கள். கொலையைப் பற்றிச் சொல்வது ஒன்று. இதைச் சொல்வது வேறு. அதே நகரில், அதே தெருவில், அந்த ஆண்களின் குடும்பங்கள் இருக்கின்றன. முப்பது ஆண்டுகள் கணவனிடம்கூடச் சொல்லாதவர்கள் அவர்களில் உண்டு. 2019இல் ஒரு நீதிபதி குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தார். பெண்கள் அந்த நீதிபதியை மாற்றக் கோரினார்கள், அவர் மாற்றவும் பட்டார். 2022 ஜனவரி 24 அன்று, நீதிபதி யாஸ்மின் பாரியோஸ் தலைமையிலான அமர்வு ஐந்து பேருக்குத் தலா 30 ஆண்டுச் சிறை விதித்தது. ரியோஸ் மோன்ட்டைத் தண்டித்த அதே நீதிபதி. பெண்கள் அச்சியில் சாட்சி சொன்னார்கள். நீதிமன்றம் மொழிபெயர்ப்பாளர் வைத்துக் கேட்டது. அவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர்களும் மாயாப் பெண்கள். 2025 மே மாத இறுதியில் இன்னும் மூன்று பேருக்குத் தலா 40 ஆண்டு.

முப்பது ஆண்டுகளுக்கு முன் ராபினாலில் ஓர் அச்சிப் பெண் நீதிமன்றப் படியேறினால், குற்றம் சாட்டப்பட்டவளாகவோ, கைது செய்யப்பட்ட மகனைத் தேடுபவளாகவோ இருந்திருப்பாள். வாதியாக ஏறி, தன் மொழியில் பேசி, வென்று இறங்குவது புதிது. நாற்பதாண்டில் கிடைத்தவற்றில் இதையே நான் முதலில் வைப்பேன். பணம் தவணையில் வருகிறது, மன்னிப்பை ஆள் மாறினால் மறுக்கவும் கூடும். அந்தப் பெண்களின் வாய்மொழி நீதிமன்றப் பதிவேட்டில் ஏறிவிட்டது.

இழந்தவற்றில் எதை முதலில் வைப்பது என்றால், ஊரையும் விட மேலாகப் பிள்ளைகளின் மொழியை வைக்கத் தோன்றுகிறது. அயோவாவில் டெனீஸ் நல்ல வீட்டில் வளர்ந்தார், படித்தார், பாதுகாப்பாக இருந்தார். அதில் யாருக்கும் குறை சொல்ல இடமில்லை. ஆனால் தந்தையின் எலும்பின் முன் அவர் நின்றபோது, அச்சியில் சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. ஷோகோக் வீடுகளில் அடிமையாக வளர்ந்த பிள்ளைகள் மொழியை வைத்துக்கொண்டார்கள், பெற்றோரை இழந்தார்கள். அவர் இரண்டையும் இழந்தார். எந்த நீதிமன்றமும் இழப்பீட்டுப் பட்டியலில் இதற்கு ஒரு வரி ஒதுக்கியதில்லை.

சிஷோய் அணை இன்றும் இயங்குகிறது. குவாத்தமாலாவின் பெரிய நீர்மின் நிலையம் இன்றும் அதுவே. ரியோ நீக்ரோ படுகொலைகளுக்காகத் தண்டனை பெற்ற அந்த எட்டுப் பேரும் ரோந்துப் படையினர். அணையைத் திட்டமிட்ட அலுவலகத்திலிருந்தோ, அதற்குக் கடன் கொடுத்த வங்கிகளிலிருந்தோ ஒருவர்கூட இதுவரை எந்த நீதிமன்றத்திலும் குற்றவாளியாக நிற்கவில்லை.